ஆண்டு ஊதிய உயர்வைத் திட்டமிடும் மென்பொருள்: மூன்று சுற்றுகளுக்குப் பிறகு என் மதிப்பீடு

நான் பணிபுரியும் நிறுவனத்தில் ஏறத்தாழ 400 பேர் வேலை செய்கிறோம். ஆண்டுதோறும் அவர்களுக்கான சம்பள உயர்வைத் திட்டமிட்டு, துறைத் தலைவர்களிடம் பரிந்துரை வாங்கி, நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்று, உயர்வுக் கடிதம் ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேரும் வரை எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது மனிதவளப் பிரிவில் என் பொறுப்பு. பல ஆண்டுகள் எக்செல் தாள்களில் செய்துவந்த இந்த வேலையை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் சேவைக்கு மாற்றினோம். ஆண்டுச் சந்தா கட்டி, இணையத்தின் வழியாகப் பயன்படுத்தும் சேவை அது. மூன்று சுற்றுகள் முடிந்துவிட்ட நிலையில், அது எதை நன்றாகச் செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை, இதே வேலையில் இருப்பவர்களுக்காகவும் இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் செயல்விளக்கம் பார்த்த வேறு இரண்டு சேவைகளிலும் இதே குறைகளின் சாயல் இருந்ததால், இதன் பெயரை மட்டும் குறிப்பிட்டுச் சொல்வது முறையாகாது என்று கருதிப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எக்செல் காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இந்தச் சேவையின் பயன் விளங்கும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு கோப்பு போகும். திரும்பி வரும்போது அதில் யாரோ ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருப்பார்கள், யாரோ ஒரு சூத்திரத்தை அழித்துவிட்டு எண்ணைக் கையால் தட்டியிருப்பார்கள். ஓர் ஆண்டு ஒரு துறைத் தலைவர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியபோது, பெயர் இருந்த நெடுவரிசை மட்டும் நகர்ந்து, பக்கத்தில் இருந்த மதிப்பெண் நெடுவரிசை நகராமல் நின்றுவிட்டது. ஒருவருடைய ரேட்டிங் இன்னொருவர் பெயருக்கு நேரே உட்கார்ந்துகொண்டது. கடிதங்கள் அச்சாகி, கையெழுத்துக்குப் போகவிருந்த நாளுக்கு முந்தைய மாலையில், அந்தத் துறையை நன்கு அறிந்த ஒருவர் தற்செயலாகப் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம். அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து பழைய அப்ரைசல் (ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு) படிவங்களோடு ஒவ்வொரு பெயரையும் ஒத்துப்பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வகைப் பிழை இந்த மூன்று சுற்றுகளில் ஒருமுறைகூட நேரவில்லை. சந்தா கட்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன்.

ஊதிய உயர்வு என்றதும் பணியாளர் காதில் விழுவது ஒரே ஓர் எண்தான்: 'இந்த ஆண்டு 6 சதவீதமாம்.' அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பெரும்பாலான துறைத் தலைவர்களே அறிய மாட்டார்கள். நிறுவனத்தால் எவ்வளவு தாங்க முடியும், அதே வகை வேலைக்கு வெளியே சம்பளம் எவ்வளவு ஏறியிருக்கிறது, விலைவாசி எவ்வளவு கூடியிருக்கிறது, கடந்த ஆண்டில் எந்தெந்தப் பிரிவில் ஆட்கள் விலகிப் போனார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கான விடைகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துத்தான் நிதிப் பிரிவும் நிர்வாகமும் அந்த எண்ணுக்கு வருகின்றன. நான்கில் முதல் கேள்விக்குத்தான் எப்போதும் எடை அதிகம். விலைவாசி 6 சதவீதம் ஏறிய ஆண்டில் 5 சதவீத உயர்வு கொடுத்தால், வாங்கும் திறன் ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துபோகிறது என்பதை நிர்வாகமும் அறியும், பணியாளரும் வீட்டுச் செலவில் உணர்வார். ஆனாலும் வருமானம் இடம் கொடுக்காத ஆண்டில் வேறு வழி இருப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் மென்பொருளின் உதவி மிகவும் பெரியது. பட்ஜெட் திட்டமிடும் திரையில் ஒரு சதவீதத்தைக் கொடுத்தால், அது மூன்று தொகைகளைத் தனித்தனியே காட்டுகிறது: இந்த நிதியாண்டில் கையிலிருந்து போகும் செலவு, முழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் வரும் செலவு, அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்து ஏறும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை போன்றவற்றின் சுமை. நிதியாண்டு தொடங்கி மூன்று மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் 6 சதவீத உயர்வு, அந்த ஆண்டின் சம்பளச் செலவை 4.5 சதவீதம்தான் கூட்டும், மீதி 1.5 சதவீதம் அடுத்த ஆண்டின் கணக்கில், யாரும் புதிதாக எதுவும் முடிவு செய்யாமலேயே, வந்து நிற்கும். இந்த மிச்சத்தை மறந்துவிட்டு அடுத்த ஆண்டு பட்ஜெட் போட்டு, பிறகு ஆண்டின் நடுவில் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இப்போது அந்தத் தொகை திரையிலேயே தனி வரியாக நிற்கிறது. பதவி உயர்வுக்கான பணத்தைப் பொது உயர்விலிருந்து பிரித்துத் தனி ஒதுக்கீடாக வைக்கவும் வசதி இருக்கிறது. முன்பு இரண்டும் ஒரே பையில் இருந்ததால், ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அதே குழுவில் இருக்கும் மற்றவர்களின் இன்கிரிமென்ட் குறையும். அது யாருக்கும் நியாயமாகப் பட்டதில்லை.

சிறிய விஷயம் ஒன்று, ஆனால் பணம் சம்பந்தப்பட்டது. உயர்த்திய மாதச் சம்பளத்தை அடுத்த முழு நூறுக்கு ஏற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒருவருக்குச் சராசரியாக 50 கூடினால், 400 பேருக்கு மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. எக்செல் காலத்தில் இது எந்தக் கணக்கிலும் வராமல் கடைசியில் இடித்துக்கொண்டு நிற்கும். மென்பொருள் இதை முதலிலேயே பட்ஜெட்டுக்குள் கழித்துவிடுகிறது.

அடுத்து வருவது, இந்தச் சேவையின் இதயம் என்று விற்பனைப் பிரதிநிதி பலமுறை அழுத்திச் சொன்ன உயர்வு அட்டவணை. ஒரு பக்கம் பணியாளரின் செயல்திறன் மதிப்பெண், இன்னொரு பக்கம் அவர் தன் கிரேடின் (பதவி நிலையின்) ஊதிய வரம்பில், அதாவது அந்த நிலைக்கு உரிய குறைந்தபட்ச, அதிகபட்சச் சம்பளங்களுக்கு இடையே, எந்த இடத்தில் இருக்கிறார் என்பது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு சதவீதம். வரம்பின் நடுப்புள்ளி 50 என்றும் ஒருவர் வாங்குவது 45 என்றும் வைத்துக்கொண்டால், அவர் நடுப்புள்ளியில் 90 சதவீதத்தில் இருக்கிறார். இந்த விகிதத்தைத்தான் எங்கள் துறையில் காம்பா ரேஷியோ என்கிறார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு 7 சதவீதம், நடுப்புள்ளியில் இருப்பவருக்கு 5, மேலே இருப்பவருக்கு 3 என்று அட்டவணை சொல்லும். முதன்முறை இதைப் பார்க்கும் எந்த மேலாளரும், "நன்றாக வேலை செய்பவருக்கு ஏற்கெனவே சம்பளம் கூடுதல் என்பதற்காக உயர்வைக் குறைப்பதா?" என்றுதான் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் சற்றுப் பொறுமையாக யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. நடுப்புள்ளி என்பது அந்த வேலையை முழுமையாகச் செய்யத் தெரிந்த ஒருவருக்கு உரிய சம்பளம். அதற்குக் கீழே இருந்துகொண்டு அந்த வேலையை முழுமையாகச் செய்பவருக்கு நிறுவனம் கடன்பட்டிருக்கிறது. மேலே இருப்பவருக்கு அந்தக் கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே சதவீதம் கொடுத்தால் இருக்கும் இடைவெளி அப்படியே பெருகும்: 20,000 வாங்குபவருக்கு 5 சதவீதம் என்றால் 1,000, ஒரு லட்சம் வாங்குபவருக்கு 5,000. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுத்தாலும் இதே கதைதான்: ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் முந்தைய உயர்வின் மேல் ஏறுவதால், 100-இல் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதமும் இன்னொருவருக்கு 8 சதவீதமும் தொடர்ந்து கிடைத்தால், பத்து ஆண்டுகளில் ஒருவர் 163-லும் மற்றவர் 216-லும் நிற்பார்கள். எனவே அட்டவணையின் கோட்பாட்டின் மீது எனக்குப் புகார் இல்லை.

என் புகார், மென்பொருள் அந்த அட்டவணையை மேலாளர் முன் வைக்கும் விதத்தில் இருக்கிறது. துறைத் தலைவர் தன் திரையைத் திறந்ததுமே, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அட்டவணைப்படியான சதவீதம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அதை மாற்றலாம், ஆனால் மாற்றினால் அந்தக் கட்டம் மஞ்சளாகும், அனுமதித்த எல்லைக்கு வெளியே போனால் சிவப்பாகும், காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறக்கும். மாற்றாமல் விட்டால் எதுவும் கேட்காது. முதல் சுற்றில் பாதிக்கும் மேற்பட்ட துறைத் தலைவர்கள் ஓர் எண்ணையும் தொடாமல் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இரண்டே நாளில் முடிந்தது என்று நாங்கள் முதலில் மகிழ்ந்தோம். கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் நடந்தது என்ன என்று புரிந்தது.

ஒரு பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், அந்த ஆண்டு ஒரு பெரிய இயந்திர மாற்றத்தின்போது இரவு பகல் பாராமல் நின்று வேலை பார்த்தவர், தன் கடிதத்தில் 4.5 சதவீதம் என்று இருந்ததைக் கண்டு துறைத் தலைவரிடம் போய், "சார், ஏன் எனக்கு நாலரை?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில்: "சிஸ்டம் அப்படிக் காட்டுதுப்பா." அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் நேராக என்னிடம் வந்தார். கோபமாக அல்ல, கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு, "எனக்கு நாலரைங்கிறதுல வருத்தம் இல்லைங்க, ஆனா அவருக்கே காரணம் தெரியலையே" என்றார். ஆறு ஆண்டுகள் தன்னோடு வேலை பார்த்த ஒருவருடைய ஓராண்டு உழைப்பைப் பற்றி அந்தத் துறைத் தலைவர் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதற்கு, எல்லா எண்களையும் முன்கூட்டியே நிரப்பித் தந்த அந்தத் திரையும் ஒரு காரணம். உயர்வைத் திட்டமிடும் எந்தக் கருவியையும் நான் இப்போது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: பணியாளர் "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால், அவருடைய மேலாளரால் தன் சொந்த வார்த்தைகளில் பதில் சொல்ல முடிகிறதா? முதல் சுற்றில் எங்களால் முடியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அட்டவணையின் ஒரு பக்கத்தில் இருக்கும் மதிப்பெண்ணே எவ்வளவு நம்பத்தக்கது? ஸ்கல்லன், மவுன்ட், காஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மேலாளர்கள் கொடுக்கும் செயல்திறன் மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மதிப்பிடுபவரின் தனிப்போக்கைக் காட்டுகிறதே தவிர, மதிப்பிடப்படுபவரின் செயல்திறனைக் காட்டவில்லை என்று கண்டார்கள். கை தாராளமான மேலாளரின் '3' வேறு, கண்டிப்பானவரின் '3' வேறு. இதைச் சரிசெய்யத்தான் எல்லா மேலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பேசும் கூட்டம் நடத்தப்படுகிறது. மென்பொருள் இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு திரை வைத்திருக்கிறது. ஆனால் அது உதவுவதற்குப் பதிலாக பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டும் இரு ஓரங்களிலும் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு மணி வடிவ வளைகோட்டைக் காட்டி, அதற்குள் பொருந்தாத குழுவைச் சிவப்பில் அடையாளமிடுகிறது. ஐந்து பேர் உள்ள குழுவில் ஒருவர் கட்டாயம் கீழ்மட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பது கணிதமும் அல்ல, நீதியும் அல்ல. வளைகோடு பெரிய எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். இரண்டாவது சுற்றிலிருந்து அந்த எச்சரிக்கையை முப்பது பேருக்குக் குறைவான குழுக்களுக்கு அணைத்துவிட்டோம். நல்லவேளையாக அதற்கு அமைப்புகளில் வழி இருந்தது.

இப்போது, என்னை மிகவும் வருத்திய குறைக்கு வருகிறேன். மதிப்பீட்டு ஆண்டின் பெரும்பகுதி மகப்பேறு விடுப்பில் இருந்த மூன்று பெண்களுக்கு அப்ரைசல் நடக்கவில்லை. எனவே மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தது. மென்பொருள் காலியாக இருந்ததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு உயர்வு இல்லை என்று கணக்கிட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. உயர்வே இல்லாதவர்களின் பெயர்களைத் துறைத் தலைவரின் முதன்மைத் திரையிலிருந்து நீக்கி, 'தகுதியற்றோர்' என்ற தனித் தாவலில் போட்டுவிட்டது. கண்ணில் படாத பெயரை யார் சரிபார்ப்பார்கள்? ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகு, பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையும் சம்பளப் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையும் ஏன் ஒத்துவரவில்லை என்று தேடிப் போனபோதுதான் கண்டுபிடித்தேன். முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு உயர்வைக் கணக்கிட்டு, மூவருக்கும் உரிய நாளிலேயே கடிதம் போகும்படி செய்தோம். விடுப்பில் இருந்ததற்காக ஒருவருடைய சம்பளம் தேங்கி நிற்கக் கூடாது என்பது கொள்கையாகத் தாளில் எழுதப்பட்டிருந்தும், கருவிக்கு அந்தக் கொள்கையைச் சொல்லிக்கொடுக்க யாரும் நினைக்கவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. ஆனால் 'மதிப்பெண் இல்லை' என்பதும் 'மதிப்பெண் பூஜ்யம்' என்பதும் வேறு வேறு என்பதை, ஊதியத்துக்கென்றே உருவாக்கிய மென்பொருள் தானாக அறிந்திருக்க வேண்டும். இதுபோன்ற சேவையை வாங்கும் எவரும் செயல்விளக்கத்தின்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நீண்ட விடுப்பில் இருப்பவர், ஆண்டின் நடுவில் சேர்ந்தவர், துறை மாறியவர் ஆகிய மூவரின் தரவையும் உள்ளே போட்டு, என்ன வருகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களை எங்கள் சேவை சரியாகவே கையாள்கிறது. சேர்ந்து நான்கு மாதமே ஆனவருக்கு 6 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்காக 2 சதவீதம் என்று விகிதப்படி பிரித்துத் தருகிறது. கடைசித் தகுதி நாளுக்குப் பிறகு சேர்ந்தவர்களை அடுத்த சுற்றுக்குத் தள்ளி, அப்போது விடுபட்ட மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

வரம்பின் உச்சத்தைத் தொட்டுவிட்டவர்களின் நிலை வேறு. எங்கள் கணக்குப் பிரிவில் மிக நீண்ட காலமாக இருக்கும் ஒரு மூத்த எழுத்தர் இருக்கிறார். அவருடைய கிரேடுக்கு உரிய அதிகபட்சச் சம்பளத்தை எப்போதோ எட்டிவிட்டார். அட்டவணை அவருக்குப் பூஜ்யம் சொல்கிறது. சொல்லட்டும், வரம்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் எல்லை உண்டு. இத்தகையவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் சேராத ஒருமுறைத் தொகை கொடுப்பதுதான் பல நிறுவனங்களின் நடைமுறை, எங்களுடையதும் அதுவே. ஆனால் மென்பொருளின் கடித வார்ப்புருவுக்கு ஒருமுறைத் தொகை என்பதே தெரியாது. அதனால் அவருக்குப் போன கடிதத்தில், அவருடைய அர்ப்பணிப்பைப் பாராட்டி 0.00 சதவீத ஊதிய உயர்வு அளிப்பதில் நிர்வாகம் மகிழ்ச்சி அடைகிறது என்று அச்சாகியிருந்தது. ஒருமுறைத் தொகை தனியே அவர் கணக்கில் ஏறியது. ஆனால் அந்தக் கடிதத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றே போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். 

சம்பளத்தில் எண் என்பது வெறும் எண் அல்ல என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், விலைவாசி ஏற்றமே இல்லாத நிலையில் சம்பளத்தை 7 சதவீதம் குறைப்பது அநியாயம் என்று கேட்கப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் சொன்னார்கள். விலைவாசி 12 சதவீதம் ஏறும்போது 5 சதவீத உயர்வு மட்டும் கொடுப்பது அநியாயம் என்று சொன்னவர்கள் 22 சதவீதம் பேர்தான். இரண்டிலும் உண்மையான இழப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் கையிலிருந்து பிடுங்கியதாகத் தெரிகிறது, மற்றொன்றில் ஏதோ கொடுத்ததாகத் தெரிகிறது. நிர்வாகங்கள் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு விலைவாசிக்குக் கீழே உயர்வு கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் ஒரு பூஜ்யத்தை அச்சிடுவதற்கு முன் அதைப் படிக்கப்போகும் மனிதரை நினைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வெளிச் சந்தைச் சம்பளத் தரவையும் இதே சேவை கூடுதல் கட்டணத்துக்குத் தருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கீழ்க் கால்பகுதி (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே வாங்குகிறார்கள்), நடு, மேல் கால்பகுதி (கால்வாசிப் பேர் இதற்கு மேலே வாங்குகிறார்கள்) என்று மூன்று எண்கள் வரும். பார்க்க அழகாக இருக்கும். பயன்படுத்தும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, தரவின் வயது. தரவு திரட்டப்பட்ட நாளுக்கும் நம் உயர்வு நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையே 15 மாதம் ஓடியிருந்தால், சந்தை ஆண்டுக்கு 6 சதவீதம் நகர்கிறது என்று கொண்டால், ஏறத்தாழ 7.5 சதவீதம் ஏற்றிப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாகும். இந்தத் திருத்தத்தை மென்பொருள் செய்கிறது, ஆனால் எந்த விகிதத்தில் செய்தது என்பதை மூன்று திரை தள்ளி ஓர் அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறது. இரண்டாவது, பெயர் ஒற்றுமை. 'ஒருங்கிணைப்பாளர்' என்ற ஒரே பதவிப்பெயர் ஓரிடத்தில் மூன்று பேரை மேய்ப்பவரையும் இன்னோரிடத்தில் முப்பது பேரை மேய்ப்பவரையும் குறிக்கும். பதவிப்பெயரை வைத்துத் தானாகப் பொருத்தும் வசதியை நாங்கள் நம்பவில்லை. ஒவ்வொரு வேலையின் பொறுப்புகளையும் படித்துக் கையால்தான் பொருத்துகிறோம். அந்தத் தரவுக்குக் கொடுத்த கூடுதல் கட்டணம் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிப் பயன்தான் கிடைத்தது.

கட்டிய பணத்துக்கு மேலாகவே பயன் தந்த பகுதி, நிறுவனத்துக்குள் ஒத்த வேலை செய்பவர்களின் சம்பளத்தை ஒப்பிட்டுக் காட்டும் உள்சமன் அறிக்கை. புதிதாக எடுக்கும் ஆட்களுக்குச் சந்தை விலையைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு ஆண்டு சதவீதத்தை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால், மூன்று நான்கு ஆண்டுகளில் நேற்று வந்தவரும் அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவரும் ஒரே சம்பளத்தில் நிற்பார்கள். சில சமயம் புதியவர் மேலேயும் போய்விடுவார். இது எந்த ஒரு மேலாளரின் தவறும் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியே எடுத்த நியாயமான முடிவுகள் சேர்ந்து உண்டாக்கும் அநியாயம். ஒரே வேலை, ஒரே கிரேடு, ஒத்த அனுபவம் உள்ளவர்களை அருகருகே வைத்து, ஆண் பெண் வேறுபாட்டையும் சேர்த்து, இந்த அறிக்கை காட்டுகிறது. அதிலும் முக்கியமானது, உயர்வுகள் இறுதியாவதற்கு முன்பே காட்டுகிறது. சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கை 1951-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையை உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்கிக்கொள்ள 2026 ஜூன் 7 வரை கெடு விதித்தது. சட்டம் கேட்கும் வரை காத்திராமல் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இந்த அறிக்கையால் எங்களுக்குக் கிடைத்தது. பட்ஜெட்டான 6 சதவீதத்தில் அரை சதவீதத்தைத் தனியே எடுத்துவைத்து, முதலில் இந்த இடைவெளிகளை அடைத்துவிட்டு, மீதி ஐந்தரையை அட்டவணைக்குக் கொடுக்கிறோம். இரண்டாவது சுற்றில் இந்த அரை சதவீதம் செய்த நன்மை, மற்ற ஐந்தரை செய்ததைவிடக் குறைவில்லை என்பது என் கணிப்பு.

பணியாளர்களே பார்க்கக்கூடிய பக்கம் ஒன்றும் உண்டு. தன் கிரேடின் வரம்பு எது, தான் அதில் எங்கே இருக்கிறோம் என்பதை அது காட்டும். பிறர் சம்பளத்தைக் காட்டாது. நிர்வாகம் இதைத் திறக்க இரண்டு ஆண்டுகள் தயங்கியது. அந்தத் தயக்கம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பணியாளர்களிடம் கார்டு, மாஸ், மோரெட்டி, சாயெஸ் ஆகியோர் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சக பணியாளர்களின் சம்பளத்தைப் பார்க்க நேர்ந்தவர்களில், தங்கள் துறையின் நடுமட்டச் சம்பளத்துக்குக் கீழே வாங்குபவர்களுக்கு வேலையில் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருப்பவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி எதுவும் உண்டாகவில்லை. ஆனால் மறைத்து வைத்தால் கேள்வி போய்விடுமா? தேநீர் இடைவேளையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது, அதுவும் பெரும்பாலும் தவறாகத் தெரிகிறது. மூன்றாவது சுற்றில் பக்கத்தைத் திறந்தோம். முதல் வாரம் என் மேசைக்கு வந்தவர்கள் அதிகம். வந்தவர்கள் கேட்டவை முன்பைவிடத் தெளிவான கேள்விகள். "ஏன் எனக்குக் குறைவு?" என்று கேட்டுவந்தவர்கள், "நான் நடுப்புள்ளிக்கு வர எத்தனை ஆண்டு ஆகும்?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும்.

உதவிச் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண நாட்களில் ஒரு நாளுக்குள் பதில் வந்துவிடுகிறது. எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் சுற்று நடத்தும் மாதத்தில் மூன்று நாள் ஆகிறது. சம்பளப் பட்டியல் மென்பொருளிலிருந்து தரவை உள்ளே கொண்டுவருவது முதல் ஆண்டு ஐந்து வாரம் இழுத்தது, அடுத்தடுத்த ஆண்டுகளில் சில நாட்களில் முடிந்தது. நிலுவைத் தொகையைக் கணக்கிட்டுச் சம்பளப் பட்டியலுக்கு அனுப்புவதில் பிழை இல்லை.

ஐம்பது அறுபது பேர் உள்ள நிறுவனத்துக்கு இந்தச் சேவை தேவையில்லை என்பது என் கருத்து. பூட்டிய கட்டங்களுடன் ஒழுங்காக அமைத்த ஒரே ஓர் எக்செல் கோப்பும், ஒவ்வொருவரையும் நேரில் அறிந்த இரண்டு மேலாளர்களும் போதும். இருநூறைத் தாண்டிய பிறகு, பட்ஜெட் திரைக்காகவும் உள்சமன் அறிக்கைக்காகவும் மட்டுமே இதை வாங்கலாம். ஆனால் வாங்கியதும் இயல்பு அமைப்புகளோடு அப்படியே ஓட்டாதீர்கள். நாங்கள் செய்த மாற்றங்களில் பலன் தந்தது ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது சுற்றில், முன்கூட்டியே எண் நிரம்பும் வசதியை அணைக்கச் சொல்லி மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டோம். தனிக் கோரிக்கையாகச் செய்து கொடுத்தார்கள். இப்போது துறைத் தலைவர் திரையைத் திறந்தால் கட்டம் காலியாக இருக்கும், அட்டவணை சொல்லும் எல்லை மட்டும் பக்கத்தில் தெரியும். எண்ணைத் தட்டுவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். மீண்டும் இரண்டு வாரம் பிடித்தது, முணுமுணுப்பும் இருந்தது. 'நன்று', 'சரி' என்று எழுதியவற்றைத் திருப்பி அனுப்பினேன். நாலரை சதவீதக் கடிதத்தை என் மேசை மேல் வைத்தாரே, அந்த மேற்பார்வையாளரின் பெயருக்கு நேரே அவருடைய துறைத் தலைவர் இந்த முறை நான்கு வரி எழுதியிருந்தார். புதிய இயந்திரத்தில் பழகாத இரண்டு பேரை அவர் எந்த மாதத்தில் எப்படித் தேற்றினார் என்பது வரை அதில் இருந்தது.

விடுப்பில் இருப்பவர்களுக்குத் தனி விதி வைக்கும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள். கடித வார்ப்புருவில் ஒருமுறைத் தொகைக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. எனவே மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லியும் ஓராண்டுக்கு மட்டுமே புதுப்பித்திருக்கிறோம். உச்சவரம்பில் இருப்பவர்களின் கடிதங்களை அதுவரை நானே எழுதி, அவரவர் மேலாளர் கையால் கொடுக்கச் செய்கிறேன்.